ஐரிஷ் ஜிக்கும் நம்ம சாவுக்குத்தும்

“அண்ணா, இது எந்த ஊர்ச் சாவு மேளம்?”

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு டீக்கடையில், ஷிப்ட் முடிந்து நின்றிருந்த தம்பி ஒருவர் போனை நீட்டிக் கேட்டார். திரையில் யாரோ மலைப்பாதையில் பைக் ஓட்டுகிறார்கள். பின்னால் ஓடுவது ‘ட்ராப்கிக் மர்ஃபீஸ்’ என்ற அமெரிக்க பேண்டின் ‘ஷிப்பிங் அப் டு பாஸ்டன்’. 2005-ல் வந்த ‘தி வாரியர்ஸ் கோட்’ ஆல்பத்துப் பாட்டு. அடுத்த வருடம் ‘தி டிபார்ட்டட்’ படத்தில் வந்து உலகம் சுற்றியது. உட்டி கத்ரி என்ற நாட்டுப்புறப் பாடகர் எழுதி வைத்துவிட்டுப் போன சில வரிகளை எடுத்து மெட்டுக் கட்டியிருந்தார்கள். தம்பிக்கு இந்தக் கதை எதுவும் வேண்டியிருக்கவில்லை. “கேட்டதும் கால் தானாப் போகுதுண்ணா. எங்க ஊர்ல பாடி எடுக்கறப்ப அடிப்பாங்கல்ல, அப்படியே இருக்கு” என்றார். வீடு கெலமங்கலம் பக்கம்.

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. இசை படித்தவர்கள் சுற்றி வளைத்துச் சொல்வதைக் காலால் கண்டுபிடித்துவிட்டார். பதில் சொல்ல இரண்டு டீயாவது வேண்டும்.

முதலில் கணக்கு. டீ கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டே ‘தகிட தகிட’ என்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு ‘த’வுக்கும் காலைத் தட்டுங்கள். விரலுக்கு ஆறு அடி, காலுக்கு இரண்டு அடி. ஐரிஷ்காரர்கள் ஜிக் என்று சொல்லும் நடன மெட்டுக்கு இதுதான் அளவு. நம்மூர்ச் சாவுக்குத்து, டப்பாங்குத்து, சென்னையின் கானா எல்லாம் பெரும்பாலும் ஓடுவதும் இதே ஆறில்தான். நம்மவர்கள் திஸ்ர நடை என்பார்கள். பெயர் தெரியாமலேயே அடிப்பவர்கள்தான் அதிகம்.

இப்போது அதே ஆறை ‘தக தக தக’ என்று மூன்று ஜோடியாகச் சொல்லுங்கள். வேகம் மாறக்கூடாது, காலும் பழையபடி இரண்டே தட்ட வேண்டும். வாயும் காலும் சண்டை போடும். நம்ம அடியில் அந்தச் சண்டையை வேண்டுமென்றே மூட்டிவிடுகிறார்கள். பறையில் வலது கைக் கட்டைக் குச்சி ஒரு கணக்கில் விழ, இடது கையின் மெல்லிய சிண்டுக் குச்சி இன்னொரு கணக்கை இடையில் நிரப்பும். பக்கத்தில் இன்னொருவர் மேளம் மூன்றாவதைப் பேசும். எதைப் பிடிப்பது என்று உடம்புக்குத் தெரியாமல் போகிற இடத்தில் இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் போகின்றன. ஆடத் தெரியாதவரையும் ஆட வைப்பது அதுதான்.

ஜிக்கில் இந்தச் சண்டை அவ்வளவாகக் கிடையாது. அங்கே ஆறும் நேராக உருண்டு ஓடும், முதல் அடியில் கனம், மூன்றாவதில் லேசாக ஒரு தாவல். ஐரிஷ் நடனக்காரர் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு காலால் மட்டும் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜிக் மட்டுமே அவர்கள் சொத்து என்றும் நினைத்துவிட வேண்டாம். ‘தகதிமி’யாக நாலில் ஓடுவது ரீல். ‘தகிட’வை மூன்று முறை அடுக்கினால் ஒன்பது வரும், அது ஸ்லிப் ஜிக். நம்ம ஊர்க் காதுக்கு முதலில் அகப்படுவது ஜிக்தான்.

தம்பி விடவில்லை. “ஆறு ஒண்ணுதான்னு சரி. ஆனா அந்த மேளம்?”

அங்கேதான் விஷயமே இருக்கிறது. அவர் கேட்ட மேளம் ஐரிஷ் மேளம் இல்லை.

அயர்லாந்தின் பழைய இசையில் தாளத்தைச் சுமப்பது மெட்டு. வயலின், புல்லாங்குழல், முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் இல்லியன் பைப், எல்லாம் சேர்ந்து ஒரே மெட்டை விடாமல் ஓட்டும். ஆறு அடியும் மெட்டுக்குள்ளேயே இருக்கும், தனியாக ஒருவர் அடித்துக் காட்ட வேண்டாம். போரான் என்று ஒரு மேளம் அவர்களுக்கு உண்டு. மர வளையத்தில் ஆட்டுத்தோல் கட்டியது, பார்த்தால் நம்ம பறைக்குச் சின்னம்மா மகள் என்று சொல்லலாம். ஒரு கை பின்பக்கம் தோலை அமுக்கிச் சுருதியை ஏற்றி இறக்க, இன்னொரு கை இரண்டு முனையும் பயன்படும் சின்னக் குச்சியைச் சுழற்றும். ஆனால் அந்தப் போரான் கச்சேரி மேடைக்கு வந்ததே 1960-களில், ஷோன் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் தன் குழுவில் சேர்த்துக்கொண்ட பிறகுதான். மற்ற வாத்தியங்களிலும் பாதி வந்தேறிகள். அக்கார்டியன் 1829-ல் வியன்னாவில் பிறந்தது. பான்ஜோ, அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களின் கையிலிருந்து வந்தது. பூஸூக்கி கிரேக்கம், அதுவும் 1960-களில்தான் உள்ளே நுழைந்தது. ஆறு துளைத் தகரக் குழலை 1840-களில் இங்கிலாந்தில் தொழிற்சாலைச் சரக்காகச் செய்து மலிவாக விற்றார்கள். பாரம்பரியம் என்று யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினால் இந்தப் பட்டியலை நினைத்துக்கொள்வது நல்லது. கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பழைய மெட்டை வாசித்தார்கள், அவ்வளவுதான்.

எனவே, இந்த இசையைச் சத்தமாக்க நினைத்தவனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மெட்டு கை நிறைய இருக்கிறது, அடிக்க ஆள் இல்லை.

இந்தச் சிக்கலை உருப்படியாக முதலில் தீர்த்தவர்கள் அயர்லாந்தில் இல்லை, லண்டனில். கிங்ஸ் கிராஸ் வட்டாரத்தில் 1982-ல் சேர்ந்த ‘தி போக்ஸ்’. பாடகர் ஷேன் மக்கவன் 1957 கிறிஸ்துமஸ் நாளில் இங்கிலாந்தின் கென்ட்டில் பிறந்தவர். அப்பா அம்மா ஐரிஷ், சின்ன வயசில் கொஞ்ச காலம் டிப்பரரியில் தாய்வழிச் சொந்தங்களோடு வளர்ந்தார். 1976-ல் லண்டனில் பங்க் வெடித்தபோது முன்வரிசையில் குதித்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவர். பங்க் என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கிட்டாரில் மூணு கார்டு, அதாவது மூணு ஸ்வரக் கூட்டம், தெரிந்தால் போதும், வேகமாக அடி, கோபத்தை மறைக்காதே. வாசிக்கக் கற்றுக்கொண்டுதான் மேடை ஏற வேண்டும் என்ற சட்டத்தை அது கிழித்துப் போட்டது.

அந்தச் சலுகையைப் போக்ஸ் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். குழல் ஊதிய ஸ்பைடர் ஸ்டேஸி ஆரம்ப நாட்களில் பீர் பரிமாறும் தகரத் தட்டை எடுத்துத் தன் தலையிலேயே அடித்துத் தாளம் போட்டவர். ட்ரம்மர் ஆண்ட்ரூ ராங்கன் ராக் பாணியில் உட்கார்ந்து பத்து மேளத்தைச் சுற்றி வைத்துக்கொள்ளவில்லை. நின்றுகொண்டு, ஒரு ஸ்னேர், ஒரு பெரிய டாம், ஏறக்குறைய அவ்வளவோடு முடித்துக்கொண்டார். அவர்கள் பாட்டைக் கேட்டால் இது எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று புரியும். மெட்டு ஏற்கெனவே ஆறையும் சொல்லிக்கொண்டிருக்கும்போது ட்ரம்மர் அதையே திருப்பிச் சொன்னால் காது வலிக்கும். காலுக்கு வேண்டிய இரண்டை மட்டும் அவர் கொடுத்தார், மற்றதை அக்கார்டியனும் பான்ஜோவும் பார்த்துக்கொண்டன.

1985 ஆகஸ்டில் வந்த ‘ரம், சாடமி அண்ட் தி லாஷ்’ இவர்களின் இரண்டாவது ஸ்டூடியோ ஆல்பம். தயாரித்தவர் எல்விஸ் காஸ்டெல்லோ. வேறு யாராவது தொழில் தெரிந்த தயாரிப்பாளர் வந்து இவர்களைச் செப்பனிட்டுக் கெடுப்பதற்குள், இருக்கிற அழுக்கோடு பிடித்து வைத்துவிட வேண்டும் என்பதே தன் வேலை என்று அவர் சொன்னதாகப் பதிவு உண்டு. அட்டையில் ஜெரிக்கோ வரைந்த புகழ்பெற்ற ‘மெடூசாவின் தெப்பம்’ ஓவியம், தெப்பத்தில் தவிப்பவர்களின் முகங்களுக்குப் பதிலாக பேண்டு ஆட்களின் முகம். உள்ளே பழைய பாட்டு, சொந்தப் பாட்டு, இரவல் பாட்டு எல்லாம் கலந்து கிடக்கும். எது பழசு, எது போன மாதம் எழுதியது என்று கேட்பவருக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தின் பெரிய சாமர்த்தியம் அதுதான்.

ஓசூரில் உட்கார்ந்து கேட்பவருக்கு அதில் இரண்டு பாட்டு தனியாக ஒட்டிக்கொள்ளும். ‘நேவிகேட்டர்’, இங்கிலாந்தின் கால்வாயும் ரயில் பாதையும் வெட்டிச் செத்துப்போன கூலிகளைப் பற்றியது. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, அதைவிட அதிகம் பேர் கப்பல் ஏறிய நாடு அயர்லாந்து. மண்வெட்டியோடு இங்கிலாந்துக்கு வந்தவர்கள் ஏராளம். இன்னொன்று ‘டர்ட்டி ஓல்ட் டவுன்’. இது ஐரிஷ் பாட்டே இல்லை. சால்ஃபோர்டு என்ற இங்கிலாந்து ஆலை ஊரைப் பற்றி, ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு அங்கே பிறந்த ஈவன் மக்கால் 1949-ல் ஒரு நாடகத்துக்காக எழுதியது. தொழிற்சாலைச் சுவரோரம் காதலியைச் சந்தித்தவன், அந்த ஊரையே கோடரியால் வெட்டிச் சாய்க்க வேண்டும் என்கிறான். காதலும் வெறுப்பும் ஒரே ஊர் மேல். அதை டப்ளினின் ‘தி டப்ளினர்ஸ்’ பாடி, பிறகு போக்ஸ் பாடி, இன்று உலகமே ஐரிஷ் பாட்டு என்று நம்புகிறது.

தம்பி இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “நம்ம ஆளுங்க இப்படிப் பண்ணலியா?”

பண்ணினார்கள். எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள்.

2017-ல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து சென்னையில் கானா பாடுபவர்களையும் மேளம் அடிப்பவர்களையும் தேடி, பாட வைத்துக் கேட்டு, 19 பேரைச் சேர்த்தார்கள். ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பெயரின் பின்னால் நிற்பவர், சாதியற்ற தமிழர் என்ற எண்ணத்தை நூறு வருடங்களுக்கு முன்பே எழுதிவந்த அயோத்திதாசப் பண்டிதர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி. அந்த வருடமே ‘மகிழ்ச்சி’ என்று ஆல்பமும் வந்தது. ராப் பக்கம் அறிவு, கானா பக்கம் இசைவாணி, பாலச்சந்தர், முத்து, செல்லமுத்து என்று ஆட்கள். குழுவில் ஒரே பெண் இசைவாணி. ஆண்கள் கோட்டையாக இருந்த கானாவில் பாடியதற்காக 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

போக்ஸுக்கு மெட்டு இருந்தது, அடி இல்லை என்றேன். இவர்களுக்கு அடி மலைபோல இருந்தது. பறை, சட்டி, கட்ட மோளம், டோலக். எல்லாம் ஆறில் பின்னிக்கொண்டு நிற்கின்றன. பாட்டுக்காரர் அந்த அடியின் மேல் ஏறிப் போவார், அவருக்குப் பின்னால் ஸ்வரக் கூட்டம் என்று ஒன்று வழக்கத்தில் கிடையாது. கிட்டாரும் பேஸும் எங்கே உட்காருவது? அதுதான் டென்மாவின் தலைவலியாக இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே மூன்று பேர் அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் ராக் ட்ரம்ஸ் வேறு வந்து நின்றால் நெரிசல்.

ஆல்பத்தையும் அதையொட்டி வந்த பாடல்களையும் கேட்கும்போது எனக்குத் தோன்றுவது இது. கிட்டார் ஒதுங்கி, ஒரே சின்னச் சரத்தைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டு, சட்டியும் பறையும் நடக்க வழிவிட்ட இடங்களில் பாட்டு பறக்கிறது. கிட்டார் தன்னை நாயகனாக நினைத்துக்கொண்ட இடங்களில் அது வேறு எந்த ஊர் ராக் பேண்டாகவும் இருக்கலாம். இட ஒதுக்கீட்டைப் பற்றிய ‘கோட்டா’ பாட்டில் சொல்லும் அடியும் ஒன்றையொன்று விரட்டுகின்றன. கூட்டத்தில் கேட்க வேண்டிய பாட்டு அது.

ஸ்டூடியோ என்று வந்துவிட்டால் இன்னொரு தொல்லை. பறை அடிப்பவர் பாட்டு சூடேறச் சூடேற வேகம் ஏற்றுவார். அது பிழை இல்லை, ஆட்டக்காரரைப் பார்த்து எடுக்கும் முடிவு. பதிவுக்கூடத்தில் காதில் மெஷின் டிக் டிக் என்று ஒரே அளவாக அடிக்கும், முன்னால் ஆடுபவர் யாரும் இல்லை. வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சி முறுக்கேற்றிய தோல், குளிரூட்டிய அறையில் கொஞ்ச நேரத்தில் தளரும். தெருவில் கேட்டுக் காது கிழிந்த பறை, பதிவில் டப்பா மாதிரி ஒலிப்பதற்கு மைக் மட்டும் காரணம் இல்லை. போக்ஸ் ஆல்பத்திலும் இதே சிக்கல் உண்டு. அவர்களை மேடையில் பார்த்தவர்கள் பதிவைக் கேட்டுவிட்டு இது பாதிதான் என்பார்கள்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தற்செயல் என்று நம்பமுடியாத ஒற்றுமை அது. போக்ஸ் ஆட்கள் பங்க் பாணிக்குரிய கிழிந்த சட்டையும் ஊக்கும் போடாமல், பழைய கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக மேடை ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கோ சாவு வீட்டுக்கோ போகிற ஐரிஷ் கூலிக்காரனின் ஒரே நல்ல உடுப்பு. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடையில் கோட்டு சூட்டோடு நின்றது. கானா பாடுபவன் லுங்கியில்தான் வருவான் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முன்னால் அம்பேத்கரின் உடுப்பு. இரண்டுமே மரியாதை கேட்கும் உடைகள்தான், ஆனால் முதலாவதில் கொஞ்சம் குடிபோதையும் கிண்டலும் உண்டு. இரண்டாவதில் கிண்டலுக்கு இடமே இல்லை.

சாவு மேளம் என்று தம்பி சொன்னது அடியை மட்டும் வைத்துத்தான். உள்ளே போனால் இன்னும் இருக்கிறது. அயர்லாந்திலும் உடலை இரவெல்லாம் வீட்டில் வைத்திருப்பார்கள். ஊர் கூடும், புகையிலை, விஸ்கி, கதை, விளையாட்டு, பாட்டு. பிஷப்புகள் எத்தனையோ தலைமுறை கண்டித்துப் பார்த்தார்கள், லேசில் அடங்கவில்லை. இன்னொரு பக்கம், தலைவிரித்து உடலின் பக்கத்தில் அமர்ந்து இறந்தவரின் பெருமையைப் பாடி அழும் பெண்கள் இருந்தார்கள். கூலிக்கு அழைத்து வருவதும் உண்டு. நம்ம ஒப்பாரிக்காரம்மாவை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் மொழி தவிர வேறெதற்கும் முழிக்க மாட்டார். அங்கே பாடி அழும் அந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட அழிந்தது. ‘ஃபினிகன்ஸ் வேக்’ என்ற பழைய தெருப்பாட்டில் கட்டிட வேலையில் சித்தாளாக இருந்த டிம் ஃபினிகன் ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போகிறான். சாவு வீட்டில் சண்டை மூண்டு விஸ்கி உடல் மேல் கொட்ட, எழுந்து உட்கார்ந்து விடுகிறான். ஜேம்ஸ் ஜாய்ஸ் தன் கடைசி நாவலுக்கு அங்கிருந்துதான் பெயர் எடுத்தார். ட்ராப்கிக் மர்ஃபீஸும் அதைப் பாடியிருக்கிறார்கள். வட சென்னையில் மரண கானா பாடுபவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் இதைவிட நல்ல கதை நாலு சொல்வார்கள்.

ஷேன் மக்கவன் 2023 நவம்பர் 30-ல் இறந்தார். டிசம்பர் 8-ல் டிப்பரரியின் நீனா ஊர்த் தேவாலயத்தில் இறுதித் திருப்பலி. அவருடைய புகழ்பெற்ற ‘ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்’ பாட்டை நண்பர்கள் வாசித்தபோது, குடும்பத்தார் எழுந்து பெட்டியின் பக்கத்தில் ஆடினார்கள். இணையத்தில் அந்த வீடியோ கிடைக்கிறது. தம்பிக்குக் காட்டினேன். “நம்ம ஊர்தாண்ணா” என்றார்.

இவ்வளவு ஒற்றுமை சொன்ன பிறகு ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். செல்டிக் என்று சொல்லப்படுவது அயர்லாந்து மட்டுமல்ல. ஸ்காட்லாந்து, வேல்ஸ், கார்ன்வால், ஐல் ஆஃப் மேன், பிரான்சின் பிரிட்டனி எல்லாம் சேர்த்தி. அந்த செல்ட்டுகள் நம்ம பக்கம் வந்தார்கள், ஆனால் மண்வெட்டியோடு வரவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகாலில் 1792-லிருந்து வரி வசூல் ஏற்பாடு செய்தவர்களில் தாமஸ் மன்றோ கிளாஸ்கோக்காரர். 1799 மார்ச்சில் திப்புவை முடிக்க ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை வழியாகத்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் போனது. அதில் ஸ்காட்லாந்தின் ஹைலேண்டர் பிரிவுகள் இருந்தன, டப்ளினில் பிறந்த ஆர்தர் வெல்லெஸ்லியும் இருந்தார். எல்லையைத் தாண்டினால் கோலார் தங்கவயல். அங்கே மேஸ்திரிகளுக்கு மேலே இருந்த சுரங்க நிபுணர்கள் கார்ன்வாலிலிருந்து வந்தார்கள். கீழே இறங்கியவர்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் போன தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள். இரஞ்சித்தே பிறகு ‘தங்கலான்’ படத்தில் தொட்ட கதை. ஐரிஷ்காரன் லண்டனில் கூலி, இங்கே துரை. இதை மறந்துவிட்டு இரண்டு இசையையும் அண்ணன் தம்பி என்று கட்டிக்கொள்ளச் சொல்ல என்னால் முடியாது.

அந்தத் துரைமாரோடு மெட்டும் வந்தது. முத்துசாமி தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்து மணலியில் இருந்த காலத்தில் கோட்டையின் பேண்டு வாசித்ததைக் கேட்டு அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். ‘வந்தே மீனாக்ஷி’ என்பது ‘லிமெரிக்’ என்ற ஐரிஷ் மெட்டு. ‘ஜகதீச குருகுஹ’ என்பது ‘லார்ட் மக்டொனால்ட்ஸ் ரீல்’, ஸ்காட்லாந்தின் ஆட்ட மெட்டு. சின்சினாட்டியில் வாழும் கண்ணிக்ஸ் கண்ணிகேஸ்வரன் இவற்றை செல்டிக் வாத்தியங்களோடு சேர்த்து ‘விஸ்மயா’ என்று ஆல்பமாகவே கொண்டுவந்திருக்கிறார். அழகாக இருக்கும். ஆனால் அந்த மெட்டுகள் சங்கராபரணமாகிப் பூஜை அறையில் உட்கார்ந்தபோது ஆட்டம் வெளியே நின்றுவிட்டது. ரீல் கேட்டு யாருக்கும் கால் போகவில்லை. மேலிருந்து எடுத்தால் மெட்டு மட்டும்தான் கையில் வரும் என்று நினைக்கிறேன்.

கீழேயிருந்து எடுத்தால் வம்பும் சேர்ந்து வரும். செய்யாத குற்றத்துக்கு 1970-களில் இங்கிலாந்தில் சிறைக்குப் போன ஆறு ஐரிஷ்காரர்களைப் பற்றிப் போக்ஸ் 1988-ல் பாடினார்கள். வானொலி, தொலைக்காட்சியில் அந்தப் பாட்டுக்குத் தடை விழுந்தது. ஆறு பேரும் 1991-ல் விடுதலையானார்கள், தண்டனை தவறு என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. இங்கே கோயில் நுழைவைக் கேட்டு இசைவாணி பாடிய பாட்டை வருடங்கள் கழித்து 2024-ல் தோண்டி எடுத்துப் போலீசில் புகார் கொடுத்தார்கள். பாரம்பரியக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. போக்ஸ் ஐரிஷ் இசையைக் குடிகாரக் கூத்தாக்கிவிட்டார்கள் என்றார்கள் அயர்லாந்து வித்வான்கள் சிலர். ஆனால் பெரியவர்களான டப்ளினர்ஸே 1987-ல் போக்ஸோடு சேர்ந்து ‘தி ஐரிஷ் ரோவர்’ பாடி அந்த வாதத்தை முடித்து வைத்தார்கள்.

ஓசூருக்கு இப்படி ஒரு பேண்டு ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றும். சரக்கு இல்லாமல் இல்லை. மாரியம்மன் கரகம், மாசியில் மயானக்கொள்ளை என்றால் இந்த மாவட்டத்தில் பம்பை செட் வராமல் நடக்காது. மரத்தில் ஒன்று, வெண்கலத்தில் ஒன்று, இரண்டு உருளை மேளங்களைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டிக் குச்சியால் அடிப்பார்கள். கூட உடுக்கை, சிலம்பு. வெண்கலப் பம்பையின் அலறல் எந்த கிட்டார் ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிச் சாப்பிடும். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி பக்கம் போனால் பறையின் உறவுக்காரர் தமட்டெ ஆகிறார். சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்துத் தமட்டெக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் பேசுகிற ஊரில் ஆறுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

இல்லாதது நேரம். சென்னையில் கானாக்காரர்கள் ஒரே நகரத்துக்குள், பல தலைமுறையாக, துறைமுகத்தையும் ஆலைகளையும் சுற்றிய குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். கூப்பிட்டால் வந்து பாடிக் காட்ட முடிந்தது. இங்கே பம்பைக்காரர் கிராமத்தில் இருக்கிறார், அவர் மகன் சிப்காட்டில் ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்று மாறிக்கொண்டிருக்கிறார். அறைத்தோழன் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவன், ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த ஊர். லண்டனில் ஐரிஷ் பாட்டு பேண்டாக முளைத்தது வந்தவர்களின் பிள்ளைகளிடம்தான், மண்வெட்டியோடு இறங்கிய முதல் ஆட்களிடம் இல்லை. டி.வி.எஸ்., லேலண்ட், டைட்டன் எல்லாம் இங்கே வந்தது 1980-களில். அந்த நாட்களில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும்.

கேட்க ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஆங்கிலம் தடையாக இருந்தால் ‘ரம், சாடமி அண்ட் தி லாஷ்’ ஆல்பத்தில் ‘வைல்ட் கேட்ஸ் ஆஃப் கில்கெனி’யில் தொடங்குங்கள். அதில் பாட்டு வரிகளே கிடையாது, வாத்தியமும் இடையில் கொஞ்சம் கூச்சலும்தான். மெட்டை விட்டுவிட்டு ட்ரம்ஸ் எவ்வளவு குறைவாக அடிக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பிறகு ‘டர்ட்டி ஓல்ட் டவுன்’. அதன் பின் கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் ‘வட சென்னை’யைப் போட்டு, இந்த முறை பாடுபவரை விட்டுவிட்டு மேளங்களை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். எது சட்டி, எது பறை என்று பிரித்துக் கேட்க இரண்டு மூன்று தடவை ஆகும். போன் ஸ்பீக்கரில் கேட்டால் அடி மேளம் மொத்தமும் காணாமல் போய்விடும். யாரிடமாவது நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள், பக்கத்து அறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.